ஐஸ் பெட்டியில் உருகிய மிட்டாய்

"இவதான் மாத்திப்புட்டா அக்கா! எம் பொண்டாட்டி ரத்தத்த எவ ரத்தத்தோடயோ மாத்தி ஊத்திப்புட்டா!"

ஜீப்பு டிரைவர் சின்ராசு போட்ட சத்தத்தில், கீழே குடோனில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. உதவியாளன் லிங்கேஸ்வரன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். 'சாந்தகுமாரி துப்பறியும் நிலையம், ரகசியம் காக்கப்படும்' என்று வாசல் போர்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரகசியத்தைக் காத்துவிடலாம். கத்துகிற ஆளை என்ன செய்வது?

"அண்ணே, மெதுவா. போடி டவுன் முழுக்கக் கேட்டுச்சுன்னா அப்புறம் எங்களுக்கு என்ன சோலி இருக்கு?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பியூலா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மதுரையில் ஒரு ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடத்தில் லேப் டெக்னீசியன். நேற்றுத்தான் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேசை மேல் அவளுடைய பழைய நீல நிற ஐஸ் பெட்டி இருந்தது. ஆய்வுக் கூடத்துக் குளிர் அறையில் இத்தனை நாள் கிடந்ததை, மற்ற சாமான்களோடு நேற்று அள்ளிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சாந்தகுமாரி அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டிய மனுஷி. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தபோது, எரிந்த குடோனை மோந்து பார்த்தே தானாகப் பற்றியதா, பற்ற வைத்ததா என்று சொன்னவள். வேலையை விட்டுச் சொந்தமாக நிலையம் தொடங்கிய பிறகும் மூக்கை மட்டும் அவள் விடவில்லை.

"சின்ராசு, உக்காரு. நான் புரிஞ்சுக்கிட்டத சொல்றேன். தப்புன்னா ரெண்டு பேரும் சொல்லுங்க," என்றாள்.

அவள் சொன்னது இதுதான். சின்ராசுவின் மனைவி பவித்ரா, சிலமலைக்காரி. மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். அவளுக்கு ரத்தப் புற்று. அந்த நோயில் ஒரு வகை உண்டு. சேரக்கூடாத இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அந்த ஒட்டு இருக்கிறவர்களுக்கு ஒரு புது மாத்திரை கேட்கும். இல்லாதவர்களுக்குக் கேட்காது. ஒட்டு இருக்கிறதா என்று ரத்தத்தில் உள்ள ஆர்.என்.ஏ.வைப் படித்துச் சொல்லிவிடலாம். அதை எந்த முறையில் தயார் செய்து படித்தால் சரியாக வரும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மதுரைக்காரர்களின் ஆராய்ச்சி. ஆகவே ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு முறையிலும் செய்கிறார்கள். எல்லாருக்கும் இரண்டும் ஒத்துப் போயிற்று. பவித்ராவுக்கு மட்டும் ஒன்று 'ஒட்டு இல்லை' என்றது. இன்னொன்று 'இருக்கிறது' என்றது.

"எடுத்ததும் பியூலா, பிரிச்சதும் பியூலா. அதனால அவ கை மாறி ஊத்திட்டான்னு பவித்ரா பேரையே தள்ளி வச்சுட்டாங்க. சரியா?"

"திரும்ப ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தா என்ன?" என்றான் லிங்கேஸ்வரன்.

"முடியாதுண்ணே," என்றாள் பியூலா. "அதுக்குள்ள வேற மருந்து ஏத்தியாச்சு. இப்ப எடுக்குற ரத்தத்துல அந்தக் கெட்ட செல்லு கண்ணுல படாது. மருந்துக்கு முந்தி எடுத்த அந்த ஒரு குழாய்தான் சாட்சி. இன்னைக்கு சாயங்காலம் மாத்திரை யாருக்குன்னு டாக்டருங்க கூடி முடிவு பண்றாங்க."

சின்ராசு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். காலையில் சிலமலையில் பவித்ராவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான் லிங்கேஸ்வரன். சீப்பில் சுருண்டிருந்த முடியை அவள் யாரும் பார்க்காதபடி பாயடியில் தள்ளியது அவனுக்கு ஞாபகம் வந்தது. தொண்டைக்குள் வந்த அடுத்த கேலியை விழுங்கிவிட்டான்.

சாந்தகுமாரி மதுரைக்குப் போன் போட்டாள். ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் ராம்பிரசாத்.

"டாக்டர், அந்த ரெண்டு பாதியும் ஒரே ஆளோட ரத்தமான்னு கம்ப்யூட்டர்ல பார்க்க முடியுமா?"

"முடியும் மேடம். ஆனா அவசியமே இல்ல. ரெண்டு முடிவு வந்தாலே ரெண்டு ஆளுன்னுதானே அர்த்தம்?"

"பார்த்துட்டு அர்த்தம் சொல்லுங்களேன்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூக்கை நுழைத்தாள்.

"லிங்கு, நீ மோந்து பாரு."

"ஏலக்கா வாசம் அடிக்குது. இந்த ஊருல என் செருப்பே ஏலக்கா வாசம்தான் அடிக்குது."

"அதுக்கு அடியில?"

இன்னொரு தரம் குனிந்தான். "அட! மீன் வாடை."

சாந்தகுமாரி மூடியைக் கவிழ்த்துப் போட்டாள். உள்பக்கம் ஒரு பள்ளம். அதில் தங்கக் கலர் காகிதத்தோடு ஏதோ அப்பிக் கிடந்தது. பியூலா எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"நான் வச்சதுதான் மேடம். சாக்லேட்டு. பவித்ரா மக ஊசியப் பார்த்து அழுதுச்சு. கொடுக்கலாம்னு எடுத்து மூடிப் பள்ளத்துல சொருகி வச்சேன், மறந்துட்டேன்."

கட்டம் கட்டமாக இருந்திருக்க வேண்டிய சாக்லேட், காகிதத்தைத் தாண்டி வழிந்து, தட்டையாகப் பரவி, மறுபடி இறுகியிருந்தது.

"ஐஸ் பெட்டிக்குள்ள சாக்லேட்டு எப்படி உருகும்?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"நேத்து பஸ்சுல வரும்போது உருகியிருக்கும். போடி வெயிலுக்கு நானே உருகுறேன்," என்றான் லிங்கேஸ்வரன்.

அவள் ஒரு ஊக்கால் சாக்லேட்டின் நடுவைக் கிளறினாள். பளபளவென்று ஒரு சிறு தகடு கிளம்பியது.

மீன் செதில்.

"சாக்லேட்டு எளகிக் கெடந்தப்ப, கவுத்து வச்ச மூடி மேல மீன்கடை ஐஸ் வந்து விழுந்திருக்கு. செதில் உள்ள பதிஞ்சு, அப்புறம் குளுந்து இறுகிருச்சு. நேத்து வந்தப்ப பெட்டியில ஐஸே இல்ல. அப்ப, உருகுனது நேத்து இல்ல. ஐஸ் போடுறதுக்கு முன்னாடி. மீன்கடை ஐஸ் யாரு போட்டது?"

"நான்தான்," என்றான் சின்ராசு. நிமிர்ந்து பார்த்தான். "மேல எஸ்டேட்டு கேம்ப்புல ரத்தம் எடுத்துட்டு, பியூலாம்மா அடுத்த கேம்ப்புக்குப் போவணும்னு பெட்டிய என் ஜீப்புலதான் குடுத்துவிட்டாக. மறுநா காலையில போடிக்கு வந்து தொறந்தா ஐஸு பூராம் தண்ணி. மீன்கடையில கெஞ்சி வாங்கிப் போட்டு, மதுரை பஸ்சுல ஏத்திவிட்டேன். அது தப்பா அக்கா?"

"தப்பில்ல. முந்தின ராத்திரி பெட்டி எங்க இருந்துச்சு?"

"மேலதான். மழையில பாறை உருண்டு ரோடு அடைபட்டுப் போச்சு. எஸ்டேட்டுக்கே திரும்பிட்டேன். பத்திரமான எடத்துல வச்சுப் பூட்டித்தான் படுத்தேன். எம் பொண்டாட்டி உசுருல்ல அதுல இருக்கு?"

அந்த நேரம் போன் அடித்தது. ராம்பிரசாத்தின் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"மேடம்... ரெண்டும் ஒரே ஆள்தான். பவித்ராதான். பியூலா மாத்தல."

பியூலா சத்தம் போட்டு அழுதுவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். சின்ராசு தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவனுக்கு இதனால் என்ன லாபம்? ஒரே ரத்தம் இரண்டு கதை சொல்கிறது. எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் மாத்திரை கிடையாது.

"சின்ராசு, ஜீப்ப எடு. அந்தப் பத்திரமான எடத்தக் காட்டு," என்றாள் சாந்தகுமாரி. "லிங்கு, கடையில இதே சாக்லேட்டு ஒண்ணு வாங்கிக்க."

"எனக்குன்னா ரெண்டா வாங்கிக்கிறேன்."

"தின்ன இல்ல. சாட்சிக்கு."

---

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறும்போது மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் லிங்கேஸ்வரன் தன் மாமனார் கும்பிடுகிற சாமிகள் அத்தனை பேரையும் முறை வைத்துக் கூப்பிட்டான். பின் சீட்டில் சாந்தகுமாரி பியூலா எழுதிக் கொடுத்த விளக்கத்தை வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இப்படி வச்சுக்க லிங்கு. செல்லு ஒவ்வொண்ணும் ஒரு நீளமான சேதி அனுப்புது. அதுதான் ஆர்.என்.ஏ. சேதியோட கடைசியில ஒரு வால். மொத முறையில அந்த வாலப் புடிச்சு இழுத்துச் சேதிய எடுப்பாங்க. ரெண்டாவது முறையில வால எல்லாம் தொடுறதில்ல. வேண்டாத குப்பைய மட்டும் கழிச்சுட்டு மிச்சம் எல்லாத்தயும் படிப்பாங்க."

"என் வீட்டுக்காரி சந்தையில கத்திரிக்கா வாங்குற மாதிரி. ஒண்ணு காம்பப் புடிச்சுப் பொறுக்குறது. இன்னொண்ணு சொத்தைய எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தக் கூடையோட வாங்குறது."

"இப்பத்தான் ஒருப்படியாப் பேசுற. சரி, சேதி நடுவுல துண்டு துண்டா அறுந்து போச்சுன்னு வை. வாலப் புடிச்சு இழுத்தா என்ன வரும்?"

"வால் மட்டும் வரும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "தலைப் பக்கம் வராது!"

"அந்த ஒட்டு இருக்குறது தலைப் பக்கம். ஆர்.என்.ஏ.வை எது அறுக்கும்னு பியூலாகிட்ட கேட்டேன். ஒரே வார்த்தைதான் சொன்னா. சூடு."

சின்ராசு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஓட்டினான்.

எஸ்டேட் வாசலில் இறங்கியதும் அவன் நேராக நடந்து போய் நின்ற இடத்தை லிங்கேஸ்வரன் அண்ணாந்து பார்த்தான். தகரக் கூரை, கனத்த கதவு, கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. கூரை இடுக்கில் புகை. ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பு எரித்து, தரையில் ஓடும் குழாய்ச் சூட்டில் ராப்பகலாகக் காய வைக்கிற அறை.

"இதுலயா வச்ச?" என்றாள் சாந்தகுமாரி.

"இதவிடப் பத்திரமான எடம் இந்த மலையில எது அக்கா?" என்றான் சின்ராசு. "சீசன்ல காய்த் திருட்டுக்குப் பயந்து இதுக்குத்தான் ரெட்டைப் பூட்டு. எங்க ஆளுக நகை, பத்திரம், எதுன்னாலும் இங்கதான் கொண்டாந்து வைப்பாக."

பூட்டைத் திறந்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அமாவாசை. இடுப்பில் சாவிக் கொத்து, புகையில் சிவந்த கண். சின்ராசுவை 'மாப்ளே' என்று கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். சாந்தகுமாரிக்கு மலையாளத்து அக்கா முறை வைத்தார்.

"வாங்க சேச்சி. பவித்ராப் புள்ளைக்கு ஏதும் நல்ல சேதியா? அந்தப் புள்ள பொழைக்கணும். எங்க வீட்லயும் இதே சீக்குதான். அதே கேம்ப்புலதான் எம் பொண்டாட்டி தேவிக்கும் ரத்தம் எடுத்தாக. நரம்பே கெடைக்கல, அரைக் குழாதான் வந்துச்சு. இவளுக்கு அந்த ஒட்டு இல்லையாம். மாத்திரை கேக்காதுன்னு சாதா மருந்து குடுத்து அனுப்பிட்டாக." எதிரில் வரிசையாக இருந்த தொழிலாளர் லயத்து வீடுகளைக் கையால் காட்டினார். "படுத்தே கெடக்கா. என்ன செய்ய, அவுகவுக தலையெழுத்து."

லிங்கேஸ்வரன் 'ம்' கொட்டிவிட்டு உள்ளே போனான். உள்ளே வைத்த காலைப் பின்னால் எடுக்கத் தோன்றியது. அப்படி ஒரு வெக்கை.

"பெட்டிய எங்க வச்சீங்க?"

"பரண் மேல. வைக்கும்போது ஸ்டோர் ஆறித்தான் கெடந்துச்சு. பொறகு ஈரக் காயி லோடு வந்துருச்சு, நான் அடுப்பப் பத்த வச்சேன். ஐஸ் பெட்டிதானே, அதுக்குள்ள சூடு ஏறாதுன்னு நெனச்சோம்," என்றார் அமாவாசை.

சாந்தகுமாரி சாக்லேட்டைப் பரணில் வைக்கச் சொன்னாள். நாலு பேரும் வெளியே நின்று பாலில்லாத கட்டஞ்சாயா குடித்தார்கள். சாயா ஆறுவதற்குள் லிங்கேஸ்வரன் போய்ப் பார்த்து, தங்கக் காகிதத்தை நுனி விரலில் தூக்கிக்கொண்டு வந்தான். அடியில் கறுப்பாகச் சொட்டியது.

"சாட்சி ஒழுகிக்கிட்டே வாக்குமூலம் குடுக்குது அக்கா."

அங்கே கேரளத்து டவர்தான் எடுக்கும். பாறை மேல் ஏறி நின்று சாந்தகுமாரி ராம்பிரசாத்தைப் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டர், பவித்ராவோட மொத முறை ரிசல்ட்ட எடுத்துப் பாருங்க. வால் பக்கம் மட்டும் சேதி இருக்கா? தலைப் பக்கம் காலியா?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆமா மேடம். தலைப் பக்கம் சுத்தமா காலி. ஆர்.என்.ஏ. அறுந்து போயிருக்கு. வந்த அன்னைக்கே அது தரமா இருக்கான்னு பார்த்திருக்கணும். பார்க்குற மெஷின் அந்த வாரம் ரிப்பேர். ஐஸ் இருந்துச்சு, நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்."

"அப்ப எந்த முறை சொன்னது நெசம்?"

"ரெண்டாவது. துண்டு துண்டா இருந்தாலும் அதுல எல்லாத் துண்டும் சிக்கும். ஒட்டு இருக்கு. இன்னைக்கே பவித்ரா பேரைச் சேர்க்கிறேன். மாத்திரை கிடைக்கும். பியூலாகிட்ட... நானே பேசுறேன்."

சின்ராசு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நானே அவ உசுரக் கொண்டுபோய் நெருப்புல வச்சிருக்கேனே. அந்தப் புள்ளையப் போயி ஏசுனேனே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அமாவாசை அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

"அழுவாத மாப்ளே. அதான் கெடச்சிருச்சுல்ல! பவித்ரா பொழைச்சுக்குவா." அவர் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம்.

லிங்கேஸ்வரன் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். சற்று முன்னால் 'ம்' கொட்டிவிட்டுத் தாண்டிப் போன பேச்சு இப்போது திரும்பி வந்து காதில் விழுந்தது. அதே கேம்ப். அரைக் குழாய்.

அவன் பாறையடிக்குப் போனான். வழக்கமான குரல் வரவில்லை.

"அக்கா, போன வச்சுராதீங்க. அந்தப் பெட்டியில எத்தன குழாயி இருந்துச்சுன்னு கேளுங்க."

சாந்தகுமாரி அவனை ஒரு கணம் பார்த்தாள். கேட்டாள்.

"ரெண்டு," என்றார் ராம்பிரசாத். "பவித்ரா, அப்புறம்... தேவி."

"தேவிக்கு எந்த முறை செஞ்சீங்க?"

"ரத்தம் கம்மி மேடம். ரெண்டுக்கும் பத்தல. ஒண்ணுதான் செய்ய முடிஞ்சது." குரல் தேய்ந்தது. "வால் முறை."

பவித்ராவுக்காவது இரண்டு முடிவு வந்து சண்டை கிளம்பியது. சண்டை வந்ததால் உண்மை வந்தது. தேவிக்கு எதிர்த்துப் பேச இன்னொரு முடிவே இல்லை. 'இல்லை' என்று ஒரு வாயால் சொன்னதை எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

"டாக்டர், அவ ரத்தத்துல எடுத்தது ஏதாவது மிச்சம் இருக்கா? போய்ப் பாருங்க. இப்பவே," என்றாள் சாந்தகுமாரி.

அமாவாசைக்கு வால், தலை எல்லாம் புரிந்ததோ இல்லையோ, பெட்டி புரிந்துவிட்டது. கையில் இருந்த சாவிக் கொத்தையே பார்த்தார்.

"அப்ப எம் பொண்டாட்டிக்கு இல்லைன்னு சொன்னது... ரத்தம் சொன்னது இல்லையா சேச்சி? இந்த அடுப்பு சொன்னதா?"

"தெரியலண்ணே. நெசமாவே இல்லாமயும் இருக்கலாம், இருந்தும் காணாமப் போயிருக்கலாம். திரும்பப் பார்த்தாத்தான் தெரியும்."

"மழ ராத்திரி. ஈரக் காயி. நல்லாப் புடிக்கட்டும்னு நாந்தான் வெறகத் தள்ளித் தள்ளி எரிச்சேன்," என்றார். பிறகு விறுவிறுவென்று அடுப்புப் பக்கம் போய், எரிந்துகொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார்.

"மாமா! உள்ள காயி கெடக்கு, கெட்டுப்போகும்!" என்று சின்ராசு ஓடினான். காய் உள்ளே இருக்கும்போது நெருப்பை அணைப்பது அந்த மலையில் யாரும் செய்யாத காரியம். அமாவாசை காதில் வாங்கவில்லை. தொட்டித் தண்ணீரை வாளியோடு தூக்கி ஊற்றினார். புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பி எல்லாரையும் மூடியது.

புகைக்குள் ராம்பிரசாத்தின் குரல் கேட்டது. "மேடம், ஃப்ரீசர்ல இருக்கு. ஒரு சொட்டுதான் இருக்கு. ரெண்டாவது முறையில இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

"ஒரு சொட்டு போதுமா சேச்சி?" என்று கேட்டார் அமாவாசை.

சாந்தகுமாரி பொய் சொல்லிப் பழகாதவள். "இன்னைக்கே பார்க்குறாங்கண்ணே," என்று மட்டும் சொன்னாள். லிங்கேஸ்வரன் வெளியே கிடந்த கட்டைகளைக் காலால் ஒதுக்கினான்.

லயத்து வீட்டு இருட்டிலிருந்து இளைத்த குரல் ஒன்று வந்தது.

"என்னங்க, பொக ஒரு மாதிரி அடிக்குது. நெருப்பு அணைஞ்சுபோச்சா?"

"நாந்தான் தேவி அணைச்சேன்," என்று சொல்லிக்கொண்டே அமாவாசை சாவிக் கொத்தைத் தரையில் போட்டுவிட்டு அந்த வீட்டை நோக்கி நடந்தார்.